வெறுங்கையோடு ரிவரில் நிற்கும்போது

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. முதல் கை இது. டல்லாஸில் 2-5 டாலர் நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் மேசை: ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் ஐந்து; 2, 5 டாலர் என்பவை சீட்டு வருமுன் இருவர் கட்டாயமாகப் போடும் பிளைண்ட்கள். உங்களிடம் டைமன் ராணியும் டைமன் ஜாக்கியும். நீங்கள் 20க்கு ஏற்றினீர்கள், பிக் பிளைண்டில் (கட்டாய 5 டாலர் போடும் இடத்தில்) இருந்தவர் மட்டும் வந்தார். ஃபிளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகளில், இஸ்பேடு ராஜா, இஸ்பேடு எட்டு, டைமன் மூன்று. 20 கட்டினீர்கள், அவர் கால் செய்தார், அதாவது அதே தொகையைப் போட்டார். டர்னில், நான்காவது சீட்டாக, கிளாவர் பத்து. 50 கட்டினீர்கள், அதற்கும் வந்தார். ரிவரில், அதாவது ஐந்தாவது, கடைசிச் சீட்டாக, ஆட்டின் இரண்டு. நடுவில் சுமார் 180 டாலர், உங்களிடம் ஒரு ஜோடிகூட இல்லை. அவர் செக் (எதுவும் கட்டாமல் விடுவது) சொன்னார், நீங்களும் செக் செய்து விட்டுவிட்டீர்கள். அவர் எட்டு ஜோடியைக் காட்டி அள்ளிக்கொண்டார். ‘இதைவிட நல்ல பிளஃப் கிடைக்காது, பயந்துவிட்டாய்’ என்று நண்பர் திட்டினார். பிளஃப் என்றால் வெறுங்கையோடு கட்டி எதிராளியை விரட்டுவது. இரண்டாவது கையில் நிலைமை தலைகீழ். உங்களிடம் ராஜாவும் ஒன்பதும், மேசையில் ஒரு ராஜா, ஆக ராஜா ஜோடி. ரிவரில் எதிராளி 180க்கு 120 கட்ட, மனம் கேட்காமல் கால் செய்து தோற்றீர்கள். ‘பலவீனமான கையைக் கடைசியில் எப்போது விடுவது?’ என்று முடித்திருக்கிறீர்கள். முதல் கையில் நீங்கள் விட்டது பிளஃபை, இரண்டாவதில் விட மறுத்தது ஒரு ஜோடியை. இவற்றுக்குக் கணக்கு வேறு வேறு.

நான் தொழில்முறை ஆட்டக்காரன் அல்ல. புள்ளியியல் படித்தவன். சான் ஹோசே பக்கத்துச் சீட்டறைகளில் பன்னிரண்டு வருடமாக வாரம் ஒருமுறை இதே 2-5 மேசையில் உட்காருகிறேன். ஆகவே கீழே சொல்வதில் கணக்கு உறுதியானது. மனிதர்களைப் பற்றிச் சொல்வது என் அனுபவம், அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். நம் ஊரில் சீட்டு பழகியவர்களில் பலர் ரம்மியில் தொடங்கியவர்கள். ரம்மியில் கை சரியில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட், 20 பாயின்ட். நடுவில் விட்டால் மிடில் ஸ்கூட், 40. கடைசிவரை இருந்து மாட்டினால் ஃபுல், 80. விடுவதற்கு அங்கே ஒரு விலை உண்டு, தாமதமாக விட்டால் அது ஏறும். அந்த உணர்வு உடம்பில் ஊறிப்போனவர்கள் போக்கர் மேசைக்கு வந்ததும், ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, இப்போ விட்டா நஷ்டம்’ என்று நினைக்கிறார்கள். போக்கரில் ரிவரில் மடக்குவதன், அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகுவதன், விலை பூஜ்யம். நீங்கள் ஏற்கெனவே போட்ட 90 டாலர் உங்களுடையது அல்ல, அது மேசையுடையது. ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று யார் சொன்னாலும், அந்த ஆட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி, ‘பலவீனம்’ என்பதைப் பிரிக்கலாம். கணித வல்லுநர் ஹரால்ட் கூன் 1950இல் மூன்றே சீட்டுகள் கொண்ட ஒரு குட்டிப் போக்கரை ஆராய்ந்தார். ராஜா, ராணி, ஜாக்கி, அவ்வளவுதான். இருவரும் ஆளுக்கு ஒரு காசு போட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்கிறார்கள். ஒரு காசு பந்தயம் கட்டலாம், அதற்குமேல் ஏற்ற முடியாது. முதல் ஆள் செக் சொல்லிவிட்டார், இப்போது நீங்கள். கையில் ராஜா இருந்தால் எப்போதும் கட்டுவீர்கள். ராணி இருந்தால்? கட்டினால் ராஜாக்காரர் கால் செய்வார், ஜாக்கிக்காரர் ஓடிவிடுவார். ஜெயிக்கிற இடத்தில் காசு வராது, தோற்கிற இடத்தில் மட்டும் கூடுதலாகப் போகும். ஆகவே ராணியோடு ஒருபோதும் கட்டக்கூடாது, செக் செய்து சீட்டைக் காட்டினால் போதும். ஜாக்கியோ காட்டினால் ஒருநாளும் ஜெயிக்காது. ஆகவே அதை வைத்துத்தான் பிளஃப், அதுவும் மூன்றில் ஒரு முறை. வெறுங்கை முழம் போடுமா என்பார்கள். கூன் கணக்கில் போடும், ஆனால் மூன்றுக்கு ஒரு முறைதான். எப்போதும் போட்டால் எதிராளி ராணியோடு கால் செய்தே உங்களைக் காலி செய்வார். ஒருபோதும் போடாவிட்டால் உங்கள் ராஜாவுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

நான் இந்தக் குட்டி ஆட்டத்தை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேசையில் நான் பார்க்கிற தவறுகளில் பாதி, ராணியை வைத்து ஜாக்கி வேலை செய்வது. நடுத்தரமான ஒரு கை, செக் செய்தால் சில தடவை ஜெயிக்கும். அதை வைத்துக்கொண்டு பயத்தில் பெரிதாகக் கட்டுவார்கள். தோற்கிற கையெல்லாம் மடக்கும், ஜெயிக்கிற கை மட்டும் கால் செய்யும். மீதிப் பாதித் தவறு, ஜாக்கியைப் பார்த்ததும் ‘கை மோசம்’ என்று கட்டாயமாக விடுவது. பிளஃப் செய்வதா என்ற கேள்வியில், முதலில் விடவேண்டியது இருப்பதிலேயே மோசமான கை அல்ல. நடுவில் இருப்பதுதான்.

சரி, உங்கள் ராணி-ஜாக்கிக்கு வருவோம். கட்டினால் எத்தனை தடவை அவர் மடக்க வேண்டும்? கட்டுகிற தொகையை, அதையும் பாட்டையும் (நடுவில் கிடக்கும் மொத்தத்தையும்) கூட்டிய தொகையால் வகுத்தால் விடை. 180க்கு 90 கட்டினால் மூன்றில் ஒரு முறை மடக்கினால் போதும். 120 கட்டினால் நூற்றுக்கு 40. முழு 180 கட்டினால் பாதிக்குப் பாதி. இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. அபிப்பிராயம் தொடங்குவது, ‘அவர் அத்தனை தடவை மடக்குவாரா?’ என்ற இடத்தில்.

உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, எப்படி என்று பார்க்கலாம். எதிராளி ஃபிளாப்பிலும் டர்னிலும் வந்திருக்கிறார் என்றால் கையில் என்ன இருக்கலாம்? ஒரு ராஜா, ஒரு எட்டு, ஒன்பது ஜோடி மாதிரி ஏதாவது, இல்லையென்றால் நிறைவேறாத இஸ்பேடு ஃபிளஷ் (ஃபிளஷ் என்றால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு). பெரிய பந்தயத்துக்கும் கால் செய்யக்கூடியவை ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி போன்றவை. ராஜாவில் ஒன்று மேசையில் இருப்பதால் மூன்று மீதி, ராணி நான்கு. ஆகவே ராஜா-ராணி 12 விதமாக வரலாம். உங்கள் கையில் ஒரு ராணி இருப்பதால் அது 9 ஆகிறது. ராஜா-ஜாக்கியும் அப்படியே 12லிருந்து 9. உங்களைத் துரத்திப் பிடிக்கிற 24 கைகள் 18 ஆகிவிட்டன. மறுபக்கம், உங்களிடம் இஸ்பேடு இல்லை. அவர் கையில் இரண்டு இஸ்பேடு இருக்க 55 விதம் உண்டு, அதில் ஒன்றும் குறையவில்லை. இதே இடத்தில் நீங்கள் ஏழும் ஆறும் இரண்டுமே இஸ்பேடாக வைத்திருந்தால் அந்த 55, 36 ஆகச் சுருங்கும். அதாவது மடக்கப்போகிற கைகளை நீங்களே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ‘ஃபிளஷ் வரலை, சரி பிளஃப் போடு’ என்று எல்லோருக்கும் கை பரபரக்கும் இடம் அதுதான், அநேகமாக விட வேண்டிய இடமும் அதுதான். இஸ்பேடு ஏஸ்-ஐந்து இன்னும் தெளிவு. அவருடைய நிறைவேறாத ஃபிளஷ்களை அது ஏற்கெனவே ஏஸால் ஜெயிக்கிறது, அவற்றை விரட்டி என்ன லாபம்? செக் செய்து காட்டுங்கள்.

ஆனால் இந்தச் சீட்டு எண்ணும் வித்தையில் ஒரேயடியாக மயங்காதீர்கள். 24 கைகள் 18 ஆகக் குறைவது உண்மை. எதிரே இருப்பவர் ஜோடியை மடக்காத பிறவி என்றால் அந்த ஆறு வித்தியாசத்தால் ஒன்றும் ஆகாது. கைகள் எல்லாம் சமமாகத் தோன்றும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கத்தான் இது உதவும்.

பிளஃபை யோசிக்காமலே விட்டுவிடும் சில இடங்களும் உண்டு. ஒன்று, எதிரே இரண்டு பேர் இருந்தால். ஒவ்வொருவரும் நூற்றுக்கு 60 தடவை மடக்குகிறார் என்று வைத்துக்கொண்டாலும், இருவரும் சேர்ந்து மடக்குவது 36 தடவைதான். 120 கட்டத் தேவை 40. இன்னொன்று, அவரிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம் என்றால். கையில் 60 டாலர், நடுவில் 180. அந்த 60ஐப் போட்டால் 240க்கு வாய்ப்பு. ஐந்தில் ஒரு முறை ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. எந்த ஜோடியும் கால் செய்யும், செய்யவும் வேண்டும்.

உண்மையில் இந்த முடிவில் பெரும்பகுதி ரிவருக்கு முன்பே எடுக்க வேண்டியது. டர்னில் பத்து விழுந்தபோது உங்களுக்கு ஏஸோ ஒன்பதோ வந்தால் ஸ்ட்ரெய்ட், அதாவது வரிசையாக ஐந்து சீட்டு. தெரியாத 46 சீட்டில் எட்டு. கிட்டத்தட்ட ஆறில் ஐந்து தடவை வராது. அந்த 50 டாலரைத் தள்ளும்போதே, வராவிட்டால் எந்தெந்தச் சீட்டுக்கு மூன்றாவது முறையும் கட்டுவேன் என்று மனதில் வைத்திருக்க வேண்டும். என் வழக்கம் இப்படி. இஸ்பேடு விழுந்தால் விட்டுவிடுவேன், அவருடைய பாதிக் கை அதில் நிறைவேறிவிடும். எட்டு திரும்ப விழுந்தாலும் விட்டுவிடுவேன், நான் விரட்ட நினைத்த கை அப்போது மூன்று எட்டு. இன்னொரு ராஜா விழுந்தால் கட்டுவேன், அவரிடம் ராஜா இருக்க வாய்ப்பு குறைகிறது. ஆட்டின் இரண்டு மாதிரி யாருக்கும் உதவாத சீட்டு விழுந்தால் ஆளைப் பார்ப்பேன். ரிவர் விழுந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் நெஞ்சு படபடப்பில் கணக்கு ஓடாது, எனக்கு ஓடியதில்லை.

இரண்டாவது கை. கால் செய்யும் பக்கத்துக் கணக்கு வேறு. 180 பாட்டில் அவர் 120 கட்டினார். நீங்கள் 120 போட்டால் மொத்தம் 420. 120ஐ 420ஆல் வகுத்தால் நூற்றுக்கு 28 சொச்சம். ஏழு தடவையில் இரண்டு தடவை அவர் பிளஃப் செய்தால் உங்களுக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. பாதிப் பாட் கட்டினால் நாலில் ஒன்று, முழுப் பாட் கட்டினால் மூன்றில் ஒன்று. கோட்பாட்டுப் புத்தகங்கள் இன்னொன்றும் சொல்லும். 180க்கு 120 கட்டுபவர் எதிரே நீங்கள் நூற்றுக்கு 60 கைகளையாவது விடாமல் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அவர் எந்தக் குப்பையை வைத்தும் உங்களை விரட்டிவிடுவார் என்று. அது சரியான கணக்குதான். ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எதிராளி போதிய அளவு பிளஃப் செய்கிற ஆளாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு தடவைதான் அவர் பொய் சொல்கிறார் என்று வையுங்கள். ஒரு தடவை 300 வரும், ஒன்பது தடவை 120 போகும். சராசரியாக ஒவ்வொரு காலுக்கும் 78 டாலர் நஷ்டம். அப்போது ராஜா ஜோடி என்ன, இரண்டு ஜோடிகூட மடக்க வேண்டிய கைதான்.

நான் பார்த்தவரை 2-5 மேசைகளில் மக்கள் ரிவரில் போதுமான அளவு பிளஃப் செய்வதில்லை. ஏற்றி அடிப்பவர்கள், அதாவது உங்கள் பெட்டுக்கு மேல் ரெய்ஸ் செய்பவர்கள், அதைவிடக் குறைவாகவே பொய் சொல்கிறார்கள். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வியட்நாமியத் தாத்தாவிடம். மூன்று மணி நேரமாக அவர் ஒரு ரெய்ஸும் செய்யவில்லை. தேநீர் குடித்துக்கொண்டு, பக்கத்துத் திரையில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ராஜா-ஜாக்கி, மேசையில் ராஜா. ரிவரில் நான் 60 கட்டினேன். அவர் வாயருகே கொண்டுபோன கோப்பையைக் கீழே வைத்தார். மூடியைக்கூட மெதுவாகப் போட்டார். பிறகு இரண்டு கையாலும் சிப்ஸைத் தள்ளினார், 220. நான் நான்கு நிமிடம் யோசித்தேன். ‘வராத ஃபிளஷ்ஷா இருக்கலாம்’ என்று எனக்கு நானே ஒரு கதையும் சொல்லிக்கொண்டேன். கால். அவர் மூன்று மூன்றுகளைத் திருப்பி வைத்துவிட்டு, வருத்தப்படுவதுபோல என்னைப் பார்த்தார். மூன்று மணி நேரம் ஏற்றாதவர் அப்போது ஏன் ஏற்றினார் என்று நான் ஒரு நொடி கேட்டிருந்தால் போதும், கணக்கே தேவைப்பட்டிருக்காது. அன்றிலிருந்து இப்படிப்பட்டவர்கள் ரிவரில் ஏற்றினால், ஒரு ஜோடியோடு நான் மடக்கிவிடுகிறேன். சில தடவை ஏமாந்திருப்பேன். மடக்கிய பிறகு சீட்டு தெரியாது என்பதால் எத்தனை தடவை என்று என்னால் சொல்லவே முடியாது. இந்த ஆட்டத்தில் அனுபவம் என்று நாம் சொல்வதில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோப்பையைக் கீழே வைத்தது, மூச்சு, கை நடுக்கம் போன்ற அடையாளங்களைப் பற்றிக் கேட்டால் நான் சந்தேகத்தின் பக்கம்தான் நிற்பேன். ஒரே ஆளோடு பல மாதம் ஆடியிருந்தால் கொஞ்சம் நம்பலாம். கை நடுங்குவதைப் பயம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள், நான் பார்த்த நடுக்கங்களில் அதிகம் நல்ல கை கிடைத்த பதற்றம்தான். எவ்வளவு கட்டினார், எந்த வரிசையில் கட்டினார் என்பது இதையெல்லாம்விட அதிகம் பேசும்.

கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்ற சந்தேகமும் உங்களுக்கு வரும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல் 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி ஜெயித்தது. பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பெட்களை அது ரிவரில் சாதாரணமாகப் போட்டது. வெறுங்கையில் சிலவற்றைக் கட்டி, சிலவற்றை விட்டு, விகிதம் மாறாமல் கலந்து ஆடும் திறமை அதற்கு இருந்தது. மனிதர்களில் சிலர் அந்தக் கலவைக்குக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மூன்றில் ஒரு முறை கட்ட வேண்டுமா, நொடிமுள் முதல் இருபது நொடிக்குள் இருந்தால் கட்டு, இல்லையென்றால் விடு. நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த விகிதங்கள் எதிராளியும் அதேபோலக் குறையில்லாமல் ஆடுவார் என்று வைத்துக் கிடைப்பவை. டல்லாஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி பீர் பாட்டிலோடு உட்காருபவர் எதிரே நொடிமுள் பார்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

2003 உலகப் போக்கர் தொடரின் கடைசி மேசையை யாராவது இங்கே உதாரணம் காட்டுவார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் கடைசி இருவராக நின்ற கிறிஸ் மணிமேக்கர், இஸ்பேடு ராஜாவும் ஆட்டின் ஏழும் வைத்துக்கொண்டு, ஃபிளஷ்ஷும் வராமல் ஸ்ட்ரெய்ட்டும் வராமல், ரிவரில் மொத்தத்தையும் தள்ளினார். மேசையில் இருந்த சீட்டுகளில் மிகப் பெரியது ஒன்பது, எதிரே சாம் ஃபர்ஹாவிடம் அந்த ஒன்பதுக்கு ஜோடி இருந்தது, அவர் மடக்கினார். மேசையில் மூன்று இஸ்பேடு கிடந்தது. இஸ்பேடு ராஜா மணிமேக்கர் கையில் இருந்ததால் அந்த ராஜாவை வைத்த ஃபிளஷ் எதுவும் ஃபர்ஹாவிடம் இருக்க முடியாது. அந்த அளவில் அது நல்ல கை தேர்வு. மற்றபடி, ஜெயித்த ஒரு பிளஃப் எதையும் நிரூபிக்காது. ஃபர்ஹா கால் செய்திருந்தால் இதே கையை எல்லோரும் முட்டாள்தனத்துக்கு உதாரணமாகக் காட்டியிருப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு மேசைக்கு. டோர்னமென்ட்டில், முக்கியமாகப் பரிசு தொடங்கும் இடம் நெருங்கும்போது, இழக்கிற சிப்ஸின் மதிப்பு ஜெயிக்கிற சிப்ஸைவிட அதிகம். அங்கே கால் செய்ய இன்னும் நல்ல கை வேண்டும். நான் வருடத்துக்கு இரண்டு மூன்றுதான் ஆடுவேன் என்பதால் எண் கொடுத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் நண்பர். கையைத் தேர்ந்தெடுத்த அளவில் அவர் சொன்னது சரி. ராணி-ஜாக்கிதான் அந்த இடத்தில் பிளஃபுக்கு ஏற்ற கை. காட்டினால் அநேகமாக ஜெயிக்காது, மேலே சொன்னபடி இஸ்பேடும் இல்லை. தெரியாத ஆள் எதிரே என்றால் நான் 120 கட்டியிருப்பேன். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதே ஆள் ஒரு மணி நேரத்துக்கு முன் வேறொருவரின் 150 டாலர் பெட்டை, மேசையின் கடைசிச் சீட்டுக்கு ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு கால் செய்தார் என்று. அந்த வரியைப் படித்த பிறகு நானும் செக்தான். அவர் எட்டு ஜோடியை மடக்கியிருக்க மாட்டார். இரண்டாவது கையில் 120க்கு கால் செய்தது பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அந்த எதிராளி அதற்குமுன் ரிவரில் எதையாவது வெறுங்கையாகக் காட்டினாரா? அதை மட்டும் எழுதுங்கள், மீதியைப் பேசலாம்.